தெய்வநாயகி கழுவிய குழாய்கள்

தெய்வநாயகி கழுவிய கண்ணாடிக் குழாய்களில் அழுக்கு இருந்தது என்று 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு கடிதம் அடித்து அவர் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்தவள் நான். குடித்த கோப்பையை நாங்கள் கழுவி வைத்தால், நாங்கள் வெளிக்கிட்ட பிறகு அவர் அதை எடுத்து இன்னொரு தரம் கழுவுவார். கழுவி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்ப்பார். அப்படிப்பட்ட மனுசிக்குத்தான் அந்தக் கடிதம்.

எங்கள் இரண்டு வீடும் ரொறொன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஒரே கட்டிடம். அவர் ஒன்பதாம் மாடி, நான் நாலாம் மாடி. விடிய ஆறு இருபதுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, கென்னடி ஸ்ரேசனில் இறங்கி, றெயின் பிடித்து நகரத்துக்குள் போவோம். எனக்கு ஒரு ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை. அவருக்கு ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகக் கட்டிடங்களும் நெருக்கியடித்து நிற்கும் பக்கத்தில், ஒரு ஆய்வுகூடத்தில் குழாய்கள், போத்தல்கள், கிண்ணங்கள் கழுவுகிற வேலை. போக ஒன்றேகால் மணித்தியாலம், வர ஒன்றரை. மூன்று வருடமாக அந்த நேரம் முழுவதும் கதைதான். நான் யாழ்ப்பாணத்து வாய், கொஞ்சம் நீளம். அவர் மட்டக்களப்பு, அளந்துதான் பேசுவார். ஆனால் ஆய்வுகூடத்துக் கதை என்றால் அவருக்கும் வாய் நிற்காது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் எம்.எல்.ரியாக இருந்தவர். இரத்தம், சலம் என்கிற சிறுநீர், சளி என்று வருவதையெல்லாம் பரிசோதித்து, டொக்டர்மார் மருந்து எழுதுவதற்கு முன்னால் நோயின் பெயரைச் சொல்லுகிற வேலை. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் மலேரியாக் கிருமியை நிமிடத்தில் பிடித்துவிடுவாராம். தொண்ணூறில் ஊர் எரிந்தபோது கணவர் கோணேஸ்வரனோடும் மகள் துஷானியோடும் புறப்பட்டு, அடுத்த வருடம் இங்கே வந்து சேர்ந்தார். சான்றிதழ்களை மட்டும் சேலைக்குள் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவற்றை இங்கே புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த நாட்டுப் பரீட்சையை எழுத வேண்டும் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு விண்ணப்பிக்க ஒரு கடிதம் வேண்டுமாம். இந்த நாட்டு ஆய்வுகூடம் ஒன்றின் தலைவர், இவருக்கு மாதிரிகளைக் கையாளவும் சோதிக்கவும் தெரியும் என்று தன் கையெழுத்தில் சொல்ல வேண்டும். வேலைக்கு எடுத்தால்தான் கடிதம், கடிதம் இருந்தால்தான் வேலை. இப்படி ஒரு சட்டத்தை யார் இருந்து யோசித்து எழுதினார்களோ, அவர்களை ஒரு நாள் எங்கள் ஹோட்டலில் கட்டில் விரிக்க விட வேண்டும்.

அதனால்தான் தெய்வக்கா குழாய் கழுவப் போனார். டொக்டர் கார்மைக்கேல் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடம் அது. நேர்முகத்தின்போதே அவர் வாயால் சொன்னாராம், இரண்டு வருடம் நல்லபடியாக வேலை செய்தால் கடிதம் தருவதாக. அந்த ஒரு சொல்லுக்காக இந்த மனுசி அமிலத் தொட்டிக்கு முன்னால் நின்றார். அங்கே ஒருவருக்கும் தெய்வநாயகி என்று சொல்ல வரவில்லை. டேவா என்று வெட்டிவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார்.

அந்த ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன்.

“ஆத்துக்குருடு எண்டு ஒரு வருத்தம் கா,” என்றார். “ஆபிரிக்காவில ஆத்தங்கரையில ஒரு கறுப்பு ஈ கடிக்கும். அதுக்குள்ளால வாற புழு தோலுக்குக் கீழ கட்டி கட்டியாக் கிடக்கும். அது போடுற குஞ்சுகள் தோலுக்கால ஊர்ந்து கண்ணுக்குப் போயிரும். மறுகா கண் போயிரும்.”

“அட கடவுளே! அதுக்கு உவர் இஞ்ச இருந்து என்ன செய்யிறார்?”

“அந்தச் சனத்திட சலத்தில அயடீன் பாக்கிறார்.”

பிறகு விளக்கமாகச் சொன்னார். அந்த நோய் உள்ள சில ஊர்களில் பிள்ளைகள் வளராமல் குள்ளமாக நின்றுவிடுகிறார்கள். உடம்பில் அயடீன் குறைந்தாலும் பிள்ளைகள் அப்படித்தான் வளராமல் போவார்கள். ஆகவே, இந்தப் புழு உடம்பில் இருக்கும் அயடீனைச் சலத்தோடு வெளியே தள்ளிவிடுகிறதோ என்று டொக்டருக்கு ஒரு யோசனை. புழு உள்ளவர்கள் நூற்றிருபது பேர், புழு இல்லாதவர்கள் நூற்றிருபது பேர். எல்லாருடைய சலமும் சின்னப் போத்தல்களில் உறைந்தபடி ரொறொன்ரோவுக்கு வரும். அதை மஞ்சள் நிற மருந்து ஒன்றோடு கலப்பார்கள். அயடீன் கூடக் கூட மஞ்சள் வெகு கெதியாக மறையும். எத்தனை செக்கனில் மறைகிறது என்று பார்த்தால் எவ்வளவு அயடீன் என்று தெரிந்துவிடும். அயடீன் ஒரு துளி வெளியிலிருந்து பட்டால் போதும், எல்லாம் பிழைத்துவிடும். அதனால்தான் அங்கே குழாய் கழுவுவது பெரிய காரியம். அமிலத்தில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் மூன்று தரம், வடித்த தண்ணீரில் ஐந்து தரம் கழுவ வேண்டும். தெய்வக்கா ஏழு தரம் கழுவுவார்.

தொண்ணூற்றைந்து கோடையில் முடிவு வந்தது. புழு உள்ளவர்களின் சலத்தில் மற்றவர்களைவிட நாலு மடங்கு அயடீன். டொக்டர் துள்ளிக் குதித்தாராம். நினைத்தது சரி, புழுதான் அயடீனை வெளியே தள்ளுகிறது என்று ஒரு மாநாட்டில் போய்ப் பேசிவிட்டும் வந்தார். அடுத்த வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அயடீன் குளிசை கொடுத்துப் பார்ப்பது என்று திட்டம் போட்டார்கள்.

அந்த ஐப்பசியில்தான் தெய்வக்கா மூடியைக் கவனித்தார்.

அளந்து முடித்த போத்தல்கள் சில மாதம் குளிரறையில் கிடந்த பிறகு கழுவுவதற்கும் எறிவதற்கும் அவரிடம்தான் வரும். சில போத்தல்களின் மூடி விளிம்புக்குள் மண்ணிறத்தில் ஒரு கறை. பிளாஸ்ரிக் பைக்குள் உறைந்து கிடந்ததால் மங்காமல் இருந்தது. வேறொருவர் என்றால் ஊத்தை என்று தேய்த்துக் கழுவியிருப்பார். இவர் கறை உள்ள மூடிகளை ஒரு பக்கமும் இல்லாதவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்து, இலக்கங்களைப் பார்த்தார். கறை உள்ளவை அத்தனையும் புழு உள்ளவர்களின் போத்தல்கள். மற்றப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் எறிய வேண்டிய மூடிகளில் இரண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார். தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கறையில் வைத்து நசித்தார். கருநீலமாக மாறிவிட்டது. சோற்றில் அயடீன் பட்டால் கருநீலமாகும் என்பது எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பாடம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சாமான் வராத காலத்தில் மாப்பொருள் கரைசலுக்குப் பதிலாகக் கஞ்சித் தண்ணிதான் பாவித்தார்களாம்.

அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பின்னேரம் றெயினில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“யோகம், அந்தச் சனத்துக்குக் கட்டியை வெட்டி எடுத்திருக்காங்க. வெட்டின இடத்துக்கு என்ன பூசுவாங்க? அயடீன்தானே கா! அது புண்ணால உடம்புக்குள்ள போய்ச் சலத்தில வருது. தாதிட விரல்ல இருந்து மூடியிலயும் பட்டிருக்கு. புழு இல்லாத ஆளுக்குக் கட்டி இல்ல, வெட்டும் இல்ல, பூச்சும் இல்ல. அவர் அளக்கிறது புழுவை இல்ல. ஆஸ்பத்திரி பூசின மருந்தை!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அயடீனைத் தேடிப் போனவர்கள் தாங்களே அயடீனைப் பூசிவிட்டு, பிறகு அதைக் கண்டுபிடித்தோம் என்று மாநாடு கூட்டியிருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் அத்தனை எழுத்துப் போட்டவர்களுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் மறந்துபோனது.

“டொக்டரிட்டைச் சொன்னனீங்களே?”

“ஹெதரிட்டச் சொன்னன். கொப்பியிலயும் எழுதியிருக்கன்.”

ஹெதர் என்பது டொக்டருக்குக் கீழே ஆராய்ச்சி செய்கிற பெண். கெட்டவள் இல்லை. காதில் விழுந்ததை மனதில் விழ விடாத சாதி. “ஓ, சுவாரசியமாக இருக்கிறதே டேவா, நான் சொல்லிப் பார்க்கிறேன்” என்றாளாம். சொன்னாளோ இல்லையோ, நாலரை மாதம் ஒரு சத்தமும் இல்லை. கழுவுகிறவள் சொன்னதை யார் கொண்டுபோய்ப் பேராசிரியர் காதில் போடுவது?

மாசி முடிவில் குண்டு விழுந்தது. வேறு நகரத்தில் இன்னொரு ஆய்வுகூடம், வேறு ஊர்ச் சனத்தின் சலத்தை எடுத்து அதே அளவீட்டைச் செய்து பார்த்திருக்கிறது. புழு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. டொக்டர் கார்மைக்கேலுக்கு மானம் போகிற நேரம். கூட்டம் போட்டார்கள். எங்கேயோ வெளியிலிருந்து அயடீன் கலந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். அதுவரை சரி. எங்கே கலந்திருக்கும்? மேலே இருந்து ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுக்கொண்டு வர, கடைசிப் படியில் நின்றவர் தெய்வநாயகி. அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவரைக் கூப்பிடவும் இல்லை.

அப்படி வந்ததுதான் அந்தக் கடிதம். “கண்ணாடிப் பொருட்கள் போதியளவு சுத்தம் செய்யப்படாமையால் ஆய்வு முடிவுகள் பாதிக்கப்பட்டுள்ளன. இது முதலாவது எச்சரிக்கை. வாசித்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்திடவும்.”

அன்று பின்னேரம் ஒன்பதாம் மாடியில் எல்லாரும் குந்தியிருந்தோம். துஷானி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, “அம்மா, திஸ் இஸ் நொட் ஃபெயார், யூ கான்ற் சைன் திஸ்” என்று அழுதாள். கோணேஸ்வரன் அண்ணை தலையில் கையை வைத்தபடி, “சைன் வைச்சுக் குடு. அடுத்த மாசம் சோதினைக்குக் கடிதம் வேணும். அவரைப் பகைச்சா ஆர் தருவான்?” என்றார். ஏப்ரில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் பரீட்சை இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். தெய்வக்காவுக்கு அப்போதே நாற்பத்தாறு வயது.

இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் இப்படிக் கத்துகிற நான் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? “வைச்சுக் குடுங்கோ அக்கா. ஒரு கையெழுத்துத்தானே. உவங்களோட சண்டை பிடிச்சு நாங்கள் வெல்லுறதே?” என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தெய்வக்கா எங்களை நிமிர்ந்து பார்த்தார். “இதில சைன் வைச்சா நான் ஊத்தையாக் கழுவின எண்டு நானே சொன்ன மாதிரி,” என்றார். “மறுகா எந்த முகத்தோட நான் எம்.எல்.ரி எண்டு சொல்ற?” எழும்பிப் போய் மீன் கழுவத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலை தன் கொப்பியைக் கொண்டு டொக்டரின் அறைக்குப் போனார். அது கழுவுகிற அறையில் அவர் தானாகவே தொடங்கி வைத்திருந்த கொப்பி. எந்தத் திகதி எந்தப் பெட்டி வந்தது, எத்தனை உடைந்தது, எது கசிந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். ஊரில் அப்படித்தான் பழக்கம். அங்கே நடந்ததை அன்றைக்கே அவர் சொல்லக் கேட்டேன், ஆகையால் அப்படியே எழுதுகிறேன்.

“என் குழாய் ஊத்தை என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் ஊத்தைதான்,” என்றாராம், தனக்குத் தெரிந்த இங்கிலிசில். “எல்லாரின் சலத்தையும் நான் கழுவிய அதே குழாய்களில்தான் அளந்தீர்கள். யாருக்குப் புழு இருக்கிறது என்று என் குழாய்க்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டுத் தெய்வக்கா கொப்பியைத் திருப்பி ஐப்பசி மாதப் பக்கத்தைக் காட்டினார். முப்பத்தொரு மூடிகளின் இலக்கம், எல்லாம் புழு உள்ளவர்களுடையவை. மண்ணிறக் கறை. சோறு வைத்துப் பார்த்தது, கருநீலம். ஹெதரிடம் சொன்னேன். கீழே திகதி.

டொக்டர் அதை வாசித்துவிட்டு முதல் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? “நீங்கள் உணவுப் பொருளை ஆய்வு மாதிரிகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தீர்களா?”

இதைக் கேட்டபோது நான் பஸ்ஸுக்குள்ளேயே எழும்பிவிட்டேன். ஒரு மனுசி வந்து உங்கள் வீடு எரிகிறது என்று சொன்னால், செருப்போடு ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்கிற மாதிரி! தெய்வக்கா நிதானமாகத்தான் சொன்னாராம், எறியக் கொடுத்த மூடி, அதுவும் சாப்பாட்டு அறையில் வைத்து, என்று.

அன்றே, புண்ணில் என்ன பூசினீர்கள் என்று கேட்டு ஆபிரிக்காவுக்கு ஒரு ஃபாக்ஸ் போனது. மூன்றாம் நாள் அங்கே இருந்த தாதி ஒருத்தி பதில் அனுப்பினாள். கட்டி வெட்டிய ஒவ்வொருவருக்கும் புண்ணில் அயடீன் பூசி, அடுத்த நாள் காலையும் பூசிவிட்டுத்தான் சலப் போத்தலைக் கொடுத்தோம், வேறென்ன பூசுவது என்று கேட்டிருந்தாள். அவளிடம் அதுவரை ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டிருக்கவில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். “கொடுக்கப்படாததாகக் கருதவும்” என்று ஹெதர் வந்து சொன்னாள். இந்த நாட்டில் பஸ்ஸில் தோளில் தோள் பட்டால் மூன்று தரம் ஸொறி சொல்கிறார்கள். நாங்கள் அவர்களின் காலை மிதித்தாலும் அவர்கள்தான் ஸொறி சொல்கிறார்கள். அந்தக் கட்டிடத்திலிருந்து தெய்வநாயகிக்கு ஒரு ஸொறி வரவில்லை. ஆய்வுச் சஞ்சிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்கள். “ஆசிரியர்கள் மேற்கொண்ட மறுபரிசீலனையில் தெரியவந்தது” என்று அதில் இருந்தது. ஆசிரியர்கள் ஏழு பேர். ஏழிலும் அவர் பெயர் இல்லை.

“விடு கா,” என்றார் அவர். “எனக்குக் கடிதம் ஒண்டு கிடைச்சாப் போதும்.”

ஏப்ரில் கடைசிக் கிழமை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது. திங்கட்கிழமை டொக்டர் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். நல்ல தடித்த தாள், மேலே சின்னம். தெய்வக்கா அங்கேயே நின்று படித்தார். நேரந்தவறாதவர், கடும் உழைப்பாளி, எல்லாரோடும் இனிமையாகப் பழகுபவர், கண்ணாடிப் பொருட்களை மிகச் சிறப்பாகக் கழுவுவார்.

“இதைக் கொடுத்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள்,” என்றார் தெய்வக்கா. “மாதிரிகளைக் கையாளவும் சோதிக்கவும் தெரியும் என்று எழுத வேண்டும். நான் செய்ததை எழுதுங்கள்.”

“என்ன வேலைக்காக உங்களை எடுத்தோமோ அதைத்தான் நான் உறுதிப்படுத்த முடியும்,” என்றார் டொக்டர். “அதற்கு வெளியே எழுதினால் முறையாகாது.”

முறையாம்! கழுவுகிற வேலைக்கு எடுத்தவர் கண்டுபிடித்ததைத் தங்களுடையது என்று திருத்தத்தில் போடுவது முறை. அவருக்கு அதை எழுதிக் கொடுப்பது முறையில்லை. தெய்வக்கா கடிதத்தை மடிக்காமல் மேசையில் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் அவர் அழுதார். மூன்று வருடத்தில் அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தரம்தான். நான் டொக்டரைத் தூஷணத்தால் பேசினேன். முன்னால் இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

புதன்கிழமை ஆபிரிக்காவிலிருந்து அடுத்த ஆறு பெட்டிகள் வந்து இறங்கின. முந்நூறு போத்தல்கள். திருத்தத்துக்கு முன்னாலேயே சேர்த்து அனுப்பியவை. எதெதில் கறை இருக்கிறது, எதை நம்பி அளக்கலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று அடுத்த திங்களுக்குள் பிரிக்க வேண்டியிருந்தது. ஹெதர் ஒரு பெட்டியை உடைத்துத் தானே பார்த்தாள். மூடி விளிம்பின் உட்பக்கத்தில், உறைபனிக்குக் கீழே அந்தக் கறை எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கழுவுகிற அறைக்கு வந்தாள்.

“டேவா, நீ போன தரம் பார்த்த மாதிரி இந்தப் பெட்டிகளையும் பார்த்து ஒரு பட்டியல் போட்டுத் தருகிறாயா?”

தெய்வக்கா கையுறையைக் கழற்றாமலே சொன்னாராம்: “என்னைக் கழுவுகிற வேலைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். அதற்கு வெளியே செய்தால் முறையாகாது. டொக்டரைக் கேட்டுப் பார்.”

பின்னேரம் இதைச் சொன்னபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. “வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவாங்களெல்லோ?” என்றேன். “நிப்பாட்டட்டும்,” என்றார். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்று பிறகு கோணேஸ்வரன் அண்ணை சொன்னார்.

வியாழன் முழுக்கப் பெட்டிகள் குளிரறையில் கிடந்தன. டொக்டர் இரண்டு தரம் கழுவுகிற அறை வாசல் வரைக்கும் வந்து திரும்பினாராம். பின்னேரம் ஐந்து மணிக்கு, அலுவலகப் பெண்ணும் வீட்டுக்குப் போன பிறகு, புதுக் கடிதத்தோடு அவரே உள்ளே வந்தார். தானே அடித்தது. இந்தத் தரம் எல்லாம் இருந்தது. மாதிரிகளை ஒழுங்காகப் பதிந்தது, கறையைக் கண்டது, எளிய சோதனையால் அயடீன் என்று உறுதிசெய்தது, அதனால் ஒரு பெரிய பிழை திருத்தப்பட்டது. தெய்வக்கா மெல்ல மெல்லப் படித்துக்கொண்டு வந்து ஒரு வரியில் விரலை வைத்தார். “இவை யாவும் எனது நேரடி மேற்பார்வையின் கீழ் நடைபெற்றன.”

“இதை எடுக்க வேண்டும்,” என்றார்.

“அது எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வழமையான வசனம்.”

“நீங்கள் அன்றைக்கு அங்கே இருக்கவில்லை.”

டொக்டரின் முகம் சிவந்துபோனதாம். திரும்பப் போய் அடிக்கும் பொறுமை அவருக்கு இல்லை. பேனையை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார். தெய்வக்கா கடிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, புதுக் கையுறை போட்டுக்கொண்டு குளிரறைக்குப் போனார். ஆறு பெட்டியையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நான் என்றால் அடுத்த கிழமை வரைக்கும் காய விட்டிருப்பேன். “அந்தச் சனம் வெட்டுக்காயத்தோட குந்தியிருந்து தந்தது கா,” என்றார். “அதை வீணாக்கேலாது.”

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். பரீட்சை அலுவலகத்தின் யன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் முறை வரும்போது நாலு மணி தாண்டிவிட்டது. யன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். விண்ணப்பத்தைச் சரி பார்த்தாள், சான்றிதழ்களின் பிரதிகளைப் பார்த்தாள், கடிதத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“இங்கே ஒரு வரி கையால் வெட்டப்பட்டிருக்கிறதே,” என்றாள். “இப்படி வெட்டுக்கொத்தோடு நாங்கள் வழக்கமாக எடுப்பதில்லை. இது ஏன் வெட்டப்பட்டது?”

ரைப் அடிச்ச பிழை என்று சொல்லுங்கோ அக்கா, ரைப் பிழை என்று சொல்லுங்கோ என்று அவர் முழங்கையை இடித்தேன். நாலரைக்கு இன்னும் இருபது நிமிடம். இனி எங்கே போய் எந்த டொக்டரைப் பிடிப்பது?

தெய்வக்கா என் கையை விலக்கிவிட்டு யன்னலுக்குக் கிட்டப் போனார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக, ஒவ்வொரு சொல்லாக, இங்கிலிசில் சொன்னார்: “அந்த வரி பொய். அதனால்தான் வெட்டச் சொன்னேன்.”

அந்தப் பெண் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் படித்தாள். திகதி முத்திரையை எடுத்து, வெட்டிய வரிக்குப் பக்கத்திலேயே குத்திவிட்டு, “அடுத்த ஆள்” என்றாள்.